பழைய கதவுக்குக் காஸ்டிக் சோடா வேண்டாம்

ஆசிரியருக்கு,

வீட்டுக்கு வெள்ளையடிக்கும் சாக்கில் செட்டிநாட்டுப் பக்கம் முகப்புக் கதவுகளையும் ‘புதுசாக்கி’ விடுகிறார்கள். பர்மா தேக்கில் செதுக்கிய யாளியும் கிளியும் அன்னமும் இத்தனை காலம் வெயில் மழையைத் தாங்கிவிட்டன. காஸ்டிக் சோடாவை அரை நாள்கூடத் தாங்காது.

பெயிண்ட் உரிக்க அதுதான் மலிவு. ஆனால் பெயிண்ட்டோடு சேர்ந்து தேக்கும் கறுத்து, மேல்பரப்பு நார் நாராகப் பிரியும். எவ்வளவு கழுவினாலும் செதுக்கல் இடுக்கில் காரம் தங்கி, பிறகு அடிக்கிற பாலிஷைக் கொப்புளிக்க வைக்கும். சாண்டிங் மெஷினும் ஆகாது. கிளியின் இறகுக் கோடு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழம்தான், ஒரு இழுப்பில் போய்விடும். பழைய பெயிண்ட்டில் ஈயமும் இருக்கலாம், அந்தத் தூளை மூச்சில் இழுக்கக்கூடாது. காரமில்லாத ஜெல் ரிமூவரைக் கையகலத்துக்கு மட்டும் தடவி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் ஊறவிட்டு, சீவிய மூங்கில் குச்சியால் வழித்தெடுத்து, டர்பன்டைன் துணியால் துடைத்தால் போதும். ஒரு கதவுக்கு நாலைந்து நாள் பிடிக்கும். பிடிக்கட்டும்.

அடுத்த தொல்லை, சிங்க முகம் கவ்விய பித்தளை வளையம். அதைப் புளி போட்டுத் தேய்த்தால் புளித்தண்ணீர் மரத்தில் வடிந்து கறை விழும். பாலிஷ் திரவமோ காய்ந்து செதுக்கலில் வெள்ளைப் பொடியாக நிற்கும். முகத்துக்கும் மரத்துக்கும் நடுவே பழைய எக்ஸ்ரே தாளை வெட்டிச் செருகிவிட்டுத் தேய்க்கலாம். வளையத்தைக் கழற்ற நினைக்க வேண்டாம். அதைப் பிடித்திருப்பது கதவின் பின்புறம் இரண்டாகப் பிரித்து மடக்கிய கம்பி. அதை நிமிர்த்தினால் முறிந்துவிடும்.

அந்தக் கம்பியின் துளை அகன்று வளையம் ஆடினால், கல்லாக இறுகும் எம்-சீல் பசையை வைத்து அடைக்கிறார்கள். மரம் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும், எம்-சீல் அசையாது. ஓரத்தில் விரிசல் விட்டுத் தண்ணீர் இறங்கும். தேக்கு முளையைத் தண்ணீர் தாங்கும் மரப்பசையில் தோய்த்து அடித்து, ஒரு நாள் காயவிட்டுப் புதிதாகத் துளையிடுவதே நிற்கும். இரும்பு ஸ்க்ரூ கூடாது. துருவும் மரச்சத்தும் சேர்ந்தால் சுற்றிலும் கறுப்பாகும்.

வளையம் மோதும் இடத்துக் குமிழ் தொலைந்திருந்தால் உடனே ஒன்று வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு தட்டலும் மரத்தில்தான் விழும். ஆனால் ஏற்கெனவே விழுந்த பிறை வடிவப் பள்ளத்தைப் புட்டி போட்டு நிரப்பாதீர்கள். கதவும் வளையமும் ஒரே ஜோடி என்பதற்கு அதுதான் சாட்சி.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் கதவு வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியதும் அந்தப் பள்ளத்தைத்தான். வளையத்தின் அடிப்பாகம் தேய்ந்து மெலிந்திருந்து, குமிழிலோ மரத்திலோ அடிபட்ட தடமே இல்லையென்றால், கதவும் வளையமும் வேறு வேறு வீட்டுச் சரக்காக இருக்கலாம்.

இப்படிக்கு,
மரவேலை அறிந்த வாசகர்,
காரைக்குடி