புலத்தணிக்கைக்குப் போன மனிதர்

கரர், பஞ்சாப்
ஜூன் 14

அன்புள்ள ராமநாதனுக்கு,

உன் கடிதம் கிடைத்து இருபது நாள் ஆகிறது. மதினிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விடச் சொல். அம்பாசமுத்திரத்தில் அதற்குள் சாரல் எட்டிப் பார்த்துவிட்டது என்று எழுதியிருந்தாய். இங்கே வெயில் 44 டிகிரி. காலை ஏழு மணிக்கு மேல் வெளியே தலைகாட்ட முடியவில்லை. மகள் வேலைக்கும் பேரன் கோடை வகுப்புக்கும் போய்விட்டால் சாயங்காலம் வரை நானும் மின்விசிறியும்தான்.

அப்படி இருந்த நாட்களில்தான் ஒரு மனிதரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, இதை முதலில் உனக்குத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. பெயர் மொகிந்தர் சிங் ரந்தாவா. எம். எஸ். ரந்தாவா என்றால் இங்கே பெரியவர்களுக்குத் தெரிகிறது. கடைசிக் காலத்தில் இந்தக் கரரில்தான் தோட்டம் போட்டுக்கொண்டு இருந்தார். 1986 மார்ச்சில் இங்கேயே காலமானார். மகள் குடிவந்த ஊருக்கு இப்படி ஒரு தொடர்பு இருப்பது இத்தனை நாள் எனக்குத் தெரியவில்லை.

1909இல் பிறந்தவர். லாகூரில் தாவரவியல் எம்.எஸ்சி., 1934இல் ஐ.சி.எஸ். அப்போது வேலை, அன்று ஐக்கிய மாகாணம் என்று பெயர் இருந்த உத்தரப் பிரதேசத்தில். சஹாரன்பூர், அல்மோரா, அலகாபாத், ஆக்ரா, ரேபரேலி என்று ஊர் ஊராக மாற்றல். நம் இரண்டு பேருக்கும் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. மாவட்ட நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டே பாசிகளை ஆராய்ந்திருக்கிறார். அதுவும் எந்தக் குடும்பம் தெரியுமா? ஸ்பைரோகைரா சேர்ந்த சைக்னிமேசியே. பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. படித்தபோது நுண்ணோக்கியில் அந்தப் பச்சை நாடாச் சுருளை முதன்முதலில் பார்த்துவிட்டு நீ என்னைக் கூப்பிட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அந்தக் குடும்பத்தைப் பற்றி இவர் எழுதிய பெரிய நூல் 1959இல் வந்தது. பஞ்சாப் பல்கலைக்கழகம் பாசி ஆராய்ச்சிக்காகவே டாக்டர் பட்டம் கொடுத்திருக்கிறது. கலெக்டர் வேலையில் இருந்துகொண்டு, அப்பா!

ஆனால் நான் எழுத வந்தது வேறு. நீ முப்பது வருஷம் வருவாய்த் துறையில் இருந்தவன். பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் பார்த்தவன். அதனால் இது உனக்குத்தான் சரியாகப் புரியும்.

பிரிவினையில் மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த இந்துக்களும் சீக்கியர்களும் விட்டுவந்த நிலம் ஏறக்குறைய 67 லட்சம் ஏக்கர். கிழக்கிலிருந்து முஸ்லிம்கள் விட்டுப்போனது 47 லட்சம் ஏக்கர்தான். அதிலும் அங்கே விட்டது கால்வாய்ப் பாசனத்தில் விளைந்த பூமி, இங்கே கிடைத்ததில் பெரும்பகுதி மானாவாரி. இதை எப்படிப் பங்கிடுவாய், சொல் பார்ப்போம். தர்லோக் சிங் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி வழி கண்டுபிடித்தார். பரப்பளவைப் பார்க்காமல் விளைச்சலை வைத்து ஒரு 'நிலையான ஏக்கர்' வகுத்தார். பத்துப் பதினொரு மணு (ஒரு மணு நாற்பது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு) விளைகிற நிலம் ஒரு நிலையான ஏக்கர். வறண்ட மாவட்டத்தில் நாலு ஏக்கர் சேர்ந்தால்தான் அந்த ஒன்று. அப்புறம் படிப்படியான வெட்டு. சின்ன விவசாயிக்கு நாலில் ஒரு பங்கு குறைத்தார்கள். ஐந்நூறு ஏக்கருக்கு மேல் வைத்திருந்தவருக்கு அந்த மேல்பங்கில் நூற்றுக்கு 95 போய்விட்டது.

ஆவணமெல்லாம் எல்லைக்கு அந்தப்பக்கம் கிடந்தது. ஐந்து லட்சம் பேர் உரிமை கேட்டு மனுப் போட்டிருந்தார்கள். எப்படிச் சரிபார்த்தார்கள் தெரியுமா? ஒரு கிராமத்திலிருந்து வந்தவர்களையெல்லாம் ஒரே இடத்தில் உட்காரவைத்து, மனுவைச் சத்தமாகப் படித்திருக்கிறார்கள். 'இவனுக்கு அவ்வளவு நிலம் கிடையாது' என்று பக்கத்து வயல்காரனே எழுந்து சொல்லிவிடுவான். நம் ஜமாபந்திதான். ஆனால் கணக்கு முழுக்க ஜனங்களின் ஞாபகத்தில் இருந்தது. ஜலந்தரில் ஏழாயிரம் ஊழியர்கள் வேலை பார்த்த அந்த மறுகுடியமர்த்தல் துறையில் தர்லோக் சிங்குக்கு அடுத்துத் தலைமைக்கு வந்தவர் ரந்தாவா. நிலத்தைக் கையில் கொடுத்ததோடு விடவில்லை. பழத்தோட்டக் குடியிருப்புகள் என்று ஒரு திட்டமும் கொண்டுவந்தார். நிலம் இழந்து வந்தவர்களைப் பழமரம் நடவைத்தார்.

அதற்கு முன்னால், 1946 முதல் 1948 வரை, டெல்லியின் துணை ஆணையர். சுதந்திரம் வந்தபோதும் 1947 செப்டம்பரில் நகரம் பற்றி எரிந்தபோதும் அங்கே இருந்தவர் இவர்தான். கலவரக்காரர்கள்மேல் போதிய கடுமை காட்டவில்லை என்று மௌலானா ஆசாத் தன் நினைவுகளில் எழுதிவைத்திருக்கிறார். இதைப் படித்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. மறைத்துவிட்டு உனக்குப் பெருமையை மட்டும் எழுத மனம் வரவில்லை. அந்த வாரங்களில் உயிர் போனவர்களுக்கு, பின்னால் அவர் வைத்த மரமும் மாட்டிய படமும் பதில் ஆகாது.

சரி, ஓவியத்துக்கு வருகிறேன்.

காங்ரா அன்று பஞ்சாபின் ஒரு மாவட்டம். 1966இல்தான் இமாச்சலத்தோடு சேர்ந்தது. பியாஸ் ஆற்றங்கரையில் சுஜான்பூர் தீராவிலும் நாதௌனிலும் இருந்து ஆண்ட ராஜா சன்சார் சந்த் காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், அங்கே சிற்றோவியம் உச்சத்துக்குப் போயிருந்தது. அப்புறம் அரசு போயிற்று. 1905 ஏப்ரலில் பெரிய பூகம்பம். இருபதாயிரம் பேர் மாண்டார்கள். அரண்மனையும் வீடும் இடிந்ததில் எவ்வளவு படம் மண்ணுக்குள் போயிற்று என்று யார் கணக்கு எடுத்தார்கள்? மிஞ்சியவை பழைய ராஜ குடும்பங்களின் வாரிசுகளிடம் இருந்தன.

ரந்தாவா ஊர் ஊராகப் போனார். குலேர், நூர்பூர், சுஜான்பூர் என்று நடந்தும் வண்டியிலும் போய், படம் எங்கே இருக்கிறது, யார் வரைந்தது, எப்படி இந்தக் குடும்பத்துக்கு வந்தது என்று கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருந்த டபிள்யூ. ஜி. ஆர்ச்சரும் இந்த வேலையில் கூட்டாளி. அவரும் ஒருகாலத்தில் பீகாரில் ஐ.சி.எஸ். அதிகாரி. ராமநாதா, இது புலத்தணிக்கை. நீ சர்வே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்து, எல்லைக்கல்லைத் தேடி, பக்கத்து நிலத்துக்காரரைக் கேட்டு எழுதுவாயே, அதே வேலை. மறுகுடியமர்த்தலில் விட்டுப்போன நிலத்தைக் கண்ட வழியிலேயே விட்டுப்போன படத்தையும் கண்டிருக்கிறார். கலை ஆர்வலர் என்றால் பணம் கொடுப்பவர், விழாவுக்குத் தலைமை தாங்குபவர் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். இவருக்கு அது உத்தியோகத்தின் பழக்கத்திலிருந்தே வந்திருக்கிறது. பசோலி ஓவியம், காங்ராவின் பாகவத ஓவியங்கள், கீதகோவிந்த ஓவியங்கள் என்று வரிசையாக எழுதினார்.

இதன் தொடர்ச்சியாக இன்னொருவரையும் சொல்ல வேண்டும். பி. என். கோஸ்வாமி. 1956இல் ஐ.ஏ.எஸ்.ஸில் சேர்ந்து இரண்டே வருஷத்தில் ராஜினாமா செய்துவிட்டு, இந்தக் காங்ரா ஓவியத்தை ஆராயச் சண்டிகருக்கு வந்தவர். அந்த ஓவியர்கள் பெரும்பாலும் படத்தில் பெயர் எழுதமாட்டார்கள். இவர் ஹரித்துவாரில் பண்டாக்கள் என்ற தீர்த்தப் புரோகிதர்கள் வைத்திருக்கும் யாத்திரிகர் பதிவேடுகளைப் புரட்டி, ஓவியர் குடும்பங்களின் வம்சாவளியையே எடுத்துவிட்டார். 1763இல் நைன்சுக் என்ற மகா ஓவியர் தன் கையால் எழுதிய பதிவு அங்கே கிடைத்தது, ஒரு சின்னச் சித்திரத்தோடு! பழைய கணக்குப் புத்தகத்தின் அருமை உனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் என்னைச் சண்டிகர் பத்தாவது செக்டாரில் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனாள். லெ கொர்புசியே வரைந்த கட்டடம், 1968 மே மாதம் திறந்தது. அதற்குப் பின்னாலும் பிரிவினைதான். லாகூர் அருங்காட்சியகத்தின் பொருட்களை 1948 ஏப்ரலில் 60க்கு 40 என்று பங்கு பிரித்தார்கள். நம் பங்கு அமிர்தசரஸ், சிம்லா, பாட்டியாலா என்று இடம் மாறி மாறிக் கிடந்து, கடைசியில் இங்கே வந்து சேர்ந்தது. பஹாரி ஓவியங்கள், அதாவது காங்ரா போன்ற மலைநாட்டு ஓவியங்கள், இன்று இவ்வளவு நிறைவாக இருப்பதற்கு ரந்தாவா தேடித் தேடி வாங்கிச் சேர்த்தது முக்கியக் காரணம். திறந்த சமயத்தில் சண்டிகரின் தலைமை ஆணையராகவும் அவரே இருந்தார்.

ஒரு படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். பள்ளிக்கூட நோட்டுப் புத்தக அளவுதான். ஆற்றங்கரையில் ராதையும் தோழியும். முகத்தை அப்புறம்தான் பார்த்தேன், கண் முதலில் மரத்துக்குப் போய்விட்டது. மாமரத்தின் தளிர் செம்பு நிறத்தில், முற்றிய இலை கரும்பச்சையில், இலை இலையாக. பக்கத்தில் வாழை, கிழிந்த ஓரத்தோடு. முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு இலை அமைப்பு நடத்தியவன் நான். அந்த ஓவியரை வகுப்பில் உட்காரவைத்துப் பாடம் கேட்டிருக்கலாம். தாவரவியல் படித்த ஒருவர் இந்தப் படங்களிடம் வந்து சேர்ந்ததில் ஆச்சரியமே இல்லை என்று பட்டது.

வெளியே வந்தால் சாலை முழுக்கச் சரக்கொன்றை. நம் கொன்றைதான், இங்கே அமல்தாஸ் என்கிறார்கள். அத்தனையும் பூத்து, இலை தெரியாமல் மஞ்சள். சண்டிகர் பொட்டல் வெளியாக இருந்தபோதே எந்தச் சாலையில் எந்த மரம், எந்த மாதத்தில் எந்த நிறம் பூக்கும் என்று யோசித்து வைத்த குழுவுக்குத் தலைவர் ரந்தாவா. 1967இல் ஜாகிர் உசேன் பெயரில் ரோஜாத் தோட்டம் வைத்ததும் அவர்தான். நிழலில் ஒரு ரிக்‌ஷாக்காரர் சீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார், வயிற்றின்மேல் மஞ்சள் இதழ்கள் உதிர்ந்து கிடந்தன.

1968இலிருந்து 1976 வரை லூதியானா வேளாண் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். பசுமைப் புரட்சி உச்சத்தில் இருந்த காலம். புதுக் கோதுமையும் டிராக்டரும் வந்து பழைய வீடும் பண்டமும் போய்க்கொண்டிருக்கிறது என்று பார்த்தார் போல. அந்த வளாகத்துக்குள்ளேயே பஞ்சாப் கிராம வாழ்க்கைக்கு ஓர் அருங்காட்சியகம் கட்டினார். செதுக்கு வேலைக் கதவு, ராட்டை, புல்காரி என்ற பூவேலைத் துணி, பித்தளைப் பாத்திரம் எல்லாம் அங்கே. கோதுமை ஆராய்ச்சி நடக்கிற இடத்தில் மோகன் சிங் என்ற கவிஞரைக் கௌரவப் பேராசிரியராக அழைத்து வைத்துக்கொண்டார். அடுத்த மாதம் மழை விழுந்ததும் லூதியானாவுக்குப் போகிறேன்.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு உன் நினைப்பு வந்ததற்குக் காரணம் இருக்கிறது. நீ துணை வட்டாட்சியராக இருந்தபோது தணிக்கைக்குப் போன இடத்தில் ஒரு மண்டபத்து விதானத்தில் மூலிகைச் சித்திரம் பார்த்துவிட்டு வந்து, ராத்திரி என் வீட்டில் சாப்பிடாமல் அதையே பேசிக்கொண்டிருந்தாய். மேலே குறிப்பு எழுதினாய். பதில் வரவில்லை. அடுத்த வருஷம் கும்பாபிஷேகத்துக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். அன்றைக்கு நீ அழுததை நான் மதினியிடம்கூடச் சொன்னதில்லை. அதற்குப் பிறகும் போகிற ஊரிலெல்லாம் பார்த்ததை எழுதிவைத்தாய்: கல் மண்டபம், மடைக் கல்வெட்டு, யார் வீட்டில் பழைய தோல்பாவை இருக்கிறது, எந்த ஊரில் கணியான் கூத்துக்காரர் இருக்கிறார் என்று. அந்த நீல அட்டை நோட்டுகள் ஏழோ எட்டோ. பரணில்தானே இருக்கின்றன?

அதைக் கீழே இறக்கு. கரையான் ஏறியிருந்தால் வெயிலில் காயவை. செப்டம்பர் கடைசியில் ஊருக்கு வருகிறேன். நீ ஊர்ப் பெயரை வாசி, நான் எழுதிக்கொள்கிறேன். நடக்க முடிகிற ஊர்களுக்கு இரண்டு பேருமாக மறுபடியும் போய், எது இருக்கிறது, எது போய்விட்டது என்று பார்த்து வருவோம். என் பேரனின் பழைய கேமரா ஒன்று இருக்கிறது, எடுத்து வருகிறேன். முழங்கால் வலிக்கிறது என்று சொல்லாதே, எனக்கும் வலிக்கிறது. ஆட்டோ வைத்துக்கொள்வோம்.

மதினிக்கு என் விசாரிப்பைச் சொல். நோட்டுகள் கிடைத்ததும் ஒரு வரி எழுது.

உன்,
சுந்தரம்