கப்பல் வரவு போக்கு

திருச்சி,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி போன மாதத்துக்கு இப்போது பரவாயில்லை. வாட்ஸாப் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ கேட்பது இங்கேயே காதில் விழுகிறது. முப்பத்து நான்கு வருடம் ஆர்.எம்.எஸ். என்ற ரயில்வே தபால் பிரிவில் ஊரார் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தவன் (ஊர்வாரியாகப் பிரித்தேன், உறையைப் பிரிக்கவில்லை) சொந்த மகளுக்கு ஒரு கடிதம் போடக் கூடாதா? அதோடு, இந்தக் கடிதத்துக்குக் காரணமே ஒரு பேனாதான். அதைக்கொண்டே எழுதுவதுதான் முறை.

தாத்தாவின் கறுப்பு எபோனைட் பேனா உனக்கு நினைவிருக்கும். ஐந்தாம் வகுப்பில் நீ கடித்த பல் தடம் இன்னும் அதன் மூடியில் இருக்கிறது. ஆறு மாதமாக அது மை கக்கிக்கொண்டிருந்தது. சட்டைப் பை, விரல், பால் கணக்கு நோட்டு எல்லாம் நீலம். இணையத்தில் தேடினேன். முதலில் பேனா விற்கிற கடைகள் வந்தன. அடுத்து, பேனா கசிந்தால் என்ன செய்யலாம் என்று பத்து வழி சொல்லும் கட்டுரைகள். எழுதியவர் வாழ்நாளில் மைப் பேனாவைத் தொட்டதில்லை என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. விடாமல் கீழே போய்க்கொண்டே இருந்தபோது ஒரு மனிதர் கிடைத்தார். அமெரிக்காவில் எங்கோ இருக்கிறார், வயதானவர், பழைய பேனாக்களைப் பழுதுபார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. தனக்கென்று ஒரு வலைப்பூ வைத்து எழுதுகிறார்.

அவர் சொன்னது இவ்வளவுதான். குழாயில் மை குறையக் குறைய அந்த இடத்தில் காற்று நிரம்புகிறது. கைச்சூடு பட்டதும் காற்று விரிந்து, மிச்சமிருக்கும் மையை நிப்பு வழியாக வெளியே தள்ளுகிறது. ஆகவே பாதி காலியானதுமே மை நிரப்பிவிட வேண்டும். கழுத்து மரையில் துளி சிலிக்கான் கிரீஸ் தடவினால் சுற்றுவழியாகக் கசிவதும் நிற்கும். தடவுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்துப் போட்டிருந்தார். படத்தில் அவருடைய கட்டைவிரல் முழுக்க மை. அந்தக் கட்டைவிரலைப் பார்த்ததும்தான் எனக்கு நம்பிக்கையே வந்தது. செய்து பார்த்தேன், கசிவு நின்றுவிட்டது.

அங்கேயே கணினியை மூடியிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. அவர் பக்கத்தின் வலது ஓரத்தில் ஒரு சின்னப் பட்டியல் இருந்தது. தான் வழக்கமாகப் படிக்கும் ஆட்களின் வலைப்பூக்கள், மொத்தம் பதினொன்று. ஒன்றைத் தொட்டேன். அது வீட்டிலேயே புத்தகம் பைண்டு செய்கிற ஒரு பெண்ணுடையது. அவர் ஓரத்தில் இன்னொரு பட்டியல். அதிலிருந்து பாசிகளை மட்டுமே படம் பிடிக்கிற ஒருவர். அங்கிருந்து லண்டன். இரவு ஒன்றரை மணிக்கு அம்மா எழுந்து வந்து, "யாரோடு இந்த நேரத்தில்?" என்று கேட்டாள். என்ன பதில் சொல்வது?

லண்டன்காரரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டயமண்ட் கீசர் என்ற பெயரில் எழுதுகிறார், தன் சொந்தப் பெயரைச் சொல்வதில்லை. 2002 செப்டம்பரில் தொடங்கியது, அநேகமாக நாள் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது. ரயில், பஸ், தெரு, பாலம், ஊர் எல்லைக்கல் என்று எதையும் விடுவதில்லை. பிறந்தநாள் வந்தால், தன் வயது எத்தனையோ அந்த எண்ணுள்ள பஸ்ஸில் ஏறிப் போய்விட்டு வந்து எழுதுகிறார். இதனால் யாருக்கு என்ன லாபம்? ஒன்றும் இல்லை. எனக்கோ அதைப் படித்த அன்று, என் அறுபத்தேழாம் வயதுக்குத் திருச்சியில் 67 என்று ஒரு பஸ் இருக்கிறதா என்று யோசனை ஓடிவிட்டது.

தமிழிலும் தேடினேன், கொட்டிக் கிடக்கிறது. 2004இல் தமிழ்மணம் என்ற திரட்டி (எல்லா வலைப்பூக்களின் புதுப் பதிவுகளையும் ஒரே இடத்தில் காட்டும் தளம்) வந்த பிறகு எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள்! வங்கி ஊழியர், வளைகுடாவில் மேற்பார்வையாளர், இல்லத்தரசி, தமிழாசிரியர், புலம்பெயர்ந்த ஈழத்தவர். யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் இருக்கும் ஒருவர் தன் வீட்டுக் கிணற்றைப் பற்றி மட்டும் ஏழு பதிவு எழுதியிருக்கிறார். துலாவின் (நம் ஊர் ஏற்றம்தான்) மேல் ஒருவர் ஏறி முன்னும் பின்னும் நடக்க, கீழே நிற்பவர் பட்டையைப் பிடித்து இறைக்க, வாய்க்காலில் தண்ணீர் எந்த மூலையில் தேங்கும், எந்த மூலைக்குப் போகாது என்பது வரை. அச்சுப் பத்திரிகையில் இதற்கு இடம் கிடைத்திருக்காது. ஆசிரியர் ஒரு பதிவாகச் சுருக்கி, அதிலும் பாதியை வெட்டியிருப்பார். அந்தத் தேங்கிய தண்ணீர்தான் முதலில் வெட்டுப்பட்டிருக்கும்.

எல்லாமே அமுதம் என்று நினைத்துவிடாதே. பாதிக்கு மேல் சலிப்பு. தன் மருத்துவப் பரிசோதனை முடிவுகளை வருடவாரியாகப் போடும் ஒருவரைப் பார்த்தேன், அதையும் ஐந்து வருடம் படித்தேன் என்பது வேறு விஷயம். நிறைய வலைப்பூக்கள் நின்றுபோனவை. கடைசிப் பதிவுகளைப் பார்த்தால் எல்லாம் ஒரே அச்சு. "நீண்ட நாளாக எழுத முடியவில்லை, மன்னிக்கவும். இனி அடிக்கடி எழுதுவேன்." தேதி 2014 என்றிருக்கும். அதன் பிறகு ஒரு வரி இருக்காது. எங்கள் காலத்தில் முகவரிக்காரர் கிடைக்காத கடிதமெல்லாம் ஆர்.எல்.ஓ. என்ற திரும்பிய கடித அலுவலகத்துக்குப் போகும், அனுப்பியவருக்காவது திரும்பச் சேரும். இங்கே அனுப்பியவரைத்தான் காணவில்லை.

இப்போது உன்னிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. 2013 ஜூலை முதல் தேதி கூகுள் ரீடரை, வலைப்பூக்களை ஒரே இடத்தில் சேர்த்துப் படிக்கும் வசதியை, மூடினார்கள். நீ அப்போது கல்லூரி விடுமுறையில் வீட்டில் இருந்தாய். அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. "ஒரு கடை மூடினால் இன்னொரு கடை" என்று நான் சிரித்தேன். அது கடை இல்லை என்பது இப்போதுதான் புரிகிறது. உனக்கு வேண்டிய நூறு பேரை நீயே பார்த்துப் பார்த்துச் சேர்த்து வைத்திருந்தாய், இல்லையா? யார் புதிதாக எழுதினாலும் அது தானாக உன் வாசலுக்கு வந்திருக்கிறது. ஊரே எதைப் பார்க்கிறது என்று சொல்லி எவனும் எதையும் உள்ளே தள்ளவில்லை.

அந்த வசதி இன்னும் இருக்கிறது என்று பேனாக்காரரின் பக்கத்தில்தான் தெரிந்துகொண்டேன். அதற்குப் பெயர் ஆர்.எஸ்.எஸ். ஓடை. "இனி தினமும் காலையில் ஆர்.எஸ்.எஸ். பார்க்கப்போகிறேன்" என்று சொன்னதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். "ரிட்டையரானால் இப்படியா புத்தி போகும்?" அது வேறு, இது வேறு என்று விளக்குவதற்குள் சாம்பார் ஆறிவிட்டது. இதன் முதல் வடிவம் 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் உருவானது. உருவாக்கியவர்களில் ஒருவரான ராமநாதன் குகா நம் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். அதைச் சொன்ன பிறகுதான் அம்மா சமாதானமானாள்.

எனக்கு இது பழகிய வேலை. இரவு மெயில் வண்டியில் எங்கள் பெட்டிக்குள் சுவர் முழுக்கச் சதுரச் சதுரமாகத் தடுப்புகள் இருக்கும். பிஜன்ஹோல் என்போம். வண்டி ஆட்டத்தில் ஒரு காலைப் பலகையில் ஊன்றிக்கொண்டு, விழுப்புரம் வருவதற்குள் கட்டு முழுவதையும் அதது போக வேண்டிய தடுப்பில் வீசிவிட வேண்டும். கடைசி ஐந்து வருடத்தில் அந்தத் தடுப்புகளுக்கு வந்தது பெரும்பாலும் வங்கி அறிக்கையும் பங்குச்சந்தைக் கடிதமும்தான். கையால் முகவரி எழுதிய உறை வந்தால் தனியாகத் தெரியும், கை தானாக ஒரு நொடி நிற்கும். இப்போது காலையில் ஓடையைத் திறந்தால் நாற்பத்திரண்டு தடுப்புகள், எல்லாம் கையால் எழுதிய உறை. ஒரு நாளில் மூன்று வரும், ஒரு நாளில் ஒன்றும் வராது. ஒன்றும் வராத நாள் எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொரு விஷயம் சொன்னால் உனக்குப் பிடிக்கும். லண்டனில் ஃபில் கைஃபோர்டு என்பவர் பதினேழாம் நூற்றாண்டு லண்டன்காரரான சாமுவேல் பெப்பீஸின் நாட்குறிப்பை எடுத்து, 1660 ஜனவரி 1ஆம் தேதிக் குறிப்பை 2003 ஜனவரி 1 அன்று வலையில் போட்டார். மறுநாள், மறுநாள் குறிப்பு. இப்படியே ஒன்பதரை வருடம் போட்டு, 2012 மே 31 அன்று முடித்தார். லண்டன் மாநகரம் எரிந்தபோது பெப்பீஸ் குழி தோண்டித் தன் ஒயினையும் பார்மீசான் சீஸையும் புதைத்தார் அல்லவா, 1666 செப்டம்பர் 4? அந்தக் குழிக்காக வாசகர்கள் 2009 செப்டம்பர் வரை காத்திருந்திருக்கிறார்கள். ஒவ்வொரு நாளுக்கும் கீழே, இந்தத் தெரு எங்கே இருந்தது, இந்தப் பலகாரம் எப்படிச் செய்வது என்று ஆளாளுக்குத் தெரிந்ததை எழுதிவைத்திருக்கிறார்கள். 1669 மே 31 அன்று, கண் போய்விடும் என்ற பயத்தில் பெப்பீஸ் எழுதுவதை நிறுத்துகிறார். எனக்கும் கண்புரை ஆரம்பம் என்பதால் அந்தப் பக்கத்தில் கொஞ்சம் தயங்கினேன்.

நம்மிடம் இல்லையா என்று ரோஷம் வந்தது. இருக்கிறதே! புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளர். 1736இல் ஆரம்பித்து 1761இல் இறக்கும் வரை, இடையிடையே விட்டாலும், எழுதிக்கொண்டே இருந்தார். நீ ஒன்பதாவது படிக்கும்போது ரங்கப்பிள்ளை வீதியில் அவர் மாளிகையைக் காட்டினேன், நீ ஐஸ்கிரீம் கேட்டாய். நூலகத்திலிருந்து எடுத்துவந்து மறுபடி படிக்கிறேன். தொடக்கத்திலேயே தான் எதை எழுதப்போகிறேன் என்று சொல்லிவிடுகிறார்: காதால் கேட்பது, கண்ணால் காண்பது, கப்பல்கள் வருவது போவது, புதுமையாக ஏதாவது நடந்தால் அது. இலக்கணத்தைப் பற்றிக் கவலையில்லை, பேசுகிறபடி எழுதுகிறார். துய்ப்ளேயின் மனைவி மேல் இருந்த எரிச்சலை மறைக்கக்கூட முயலவில்லை. யார் படிப்பார்கள் என்று யோசித்திருந்தால் இதில் பாதி இருந்திருக்காது.

கப்பல் என்றதும் உன் நினைவு வந்துவிட்டது. ராட்டர்டாம் துறைமுகத்தில் ஓட்டுநரே இல்லாத வண்டிகள் கன்டெய்னரைத் தூக்கிக்கொண்டு, ஒன்றுக்கொன்று வழிவிட்டு நின்று நின்று போகும், எறும்பு மாதிரி என்று போன மாதம் தொலைபேசியில் சொன்னாய். பனிமூட்டத்தில் சங்கு கேட்கும், கப்பல் தெரியாது என்றாய். நான் இன்னும் கேட்பதற்குள் "மீட்டிங் இருக்கிறது, வைக்கிறேன் அப்பா" என்று வைத்துவிட்டாய். அந்த இரண்டு வரியை நான் அன்று இரவு பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவைத்தேன். தேதியும் போட்டிருக்கிறேன்.

கல்லூரியில் நீ வைத்திருந்த வலைப்பூவும் அகப்பட்டது. விடுதி மெஸ் உப்புமா பற்றி மூன்று பதிவு, மொட்டைமாடிப் புறாக்கள் பற்றி ஒன்று. கடைசிப் பதிவில் "இனி அடிக்கடி எழுதுவேன்" என்று நீயும் எழுதியிருக்கிறாய், கழுதை. அதையும் என் ஓடையில் சேர்த்துவிட்டேன். நாற்பத்து மூன்றாவது தடுப்பு. தமிழோ ஆங்கிலமோ, நான்கு வரி போதும். இன்று என்ன கப்பல் வந்தது, எது போனது.

நல்ல வலைப்பூக்களின் முகவரிகளைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். கையால் எழுதிய இணைய முகவரியைப் பார்த்து நீ சிரிப்பாய் என்று தெரியும். சிறிய எல் எது, ஒன்று எது என்று தெரிய, ஒன்றுக்கு மேலே கொடி போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: முந்தைய பக்கத்தில் இருக்கும் கறைக்குப் பேனா பொறுப்பில்லை. அம்மா படித்துப் பார்க்கிறேன் என்று வாங்கினாள், காபி டம்ளரை அதன் மேலேயே வைத்துவிட்டாள். மாவடு அனுப்பினால் அங்கே சுங்கத்தில் விடுவார்களா என்று கேட்டு எழுதச் சொல்கிறாள்.