குக், கோக் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், நானூறு வருடம் முந்தைய ஆங்கிலேயச் சட்ட மேதை எட்வர்ட் குக் பற்றிய கட்டுரை படித்தேன். 'கோக்' என்று அச்சிட்டிருந்ததால் குளிர்பானக் கம்பெனி முதலாளியா தாத்தா என்று என் பேரன் கேட்டான். சரி, அது போகட்டும். "வாழ்நாள் முழுவதும் அரசனுக்கு அஞ்சாதவர்" என்றொரு வரி இருக்கிறதே, அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

1603இல் வின்செஸ்டரில் கடலோடி வால்டர் ராலே மீது நடந்த ராஜத்துரோக வழக்கில் அரசனுக்காக வாதாடியவரே இவர்தான், தங்களுக்குத் தெரியாததல்ல. அந்தக் கால ஆங்கிலத்திலும் நம்முடைய நீ, நீங்கள் போல இரண்டு சொற்கள் உண்டு. குக் வேண்டுமென்றே ஒருமைக்கு இறங்கி, விரியன் பாம்பே, துரோகியே, உன்னை 'நீ' என்றுதான் சொல்வேன் என்று சீறினார். குற்றம் சொன்ன காபம் பிரபுவை என் முன்னால் நிறுத்துங்கள் என்று ராலே கெஞ்சியும் கடைசிவரை நிறுத்தவில்லை.

32 வருடம் கறுப்புக் கோட்டு போட்டவன் நான். ஒருமுறை என் தரப்புச் சாட்சியை, அறுபது தாண்டிய தையல்காரரை, என் மகன் வயதுள்ள அரசு வக்கீல் "நீ எங்கே இருந்தே அன்னிக்கு?" என்றார். ஆட்சேபித்தேன், சிரித்தார்கள். பெரியவர் பதில் சொல்லாமல் தன் சட்டைப் பொத்தானையே திருகித் திருகி, கடைசியில் அது கையோடு வந்துவிட்டது.

அப்புறம் 1607. அரசனும் சட்டத்துக்குக் கீழேதான் என்று ஜேம்ஸ் மன்னரிடமே சொன்னதாக குக் தானே எழுதிவைத்திருக்கிறார். மன்னர் முஷ்டியை ஓங்கியதும் இவர் நாலு காலில் விழுந்ததாக அக்காலக் கடிதம் ஒன்று சொல்கிறதே, அதை ஏன் விட்டீர்கள்? அவனவன் வீடு அவனவனுக்குக் கோட்டை என்று 1604 வழக்கில் எழுதிய இதே மனிதர், தலைமை நீதிபதி பதவி பறிபோன மறு வருடம், 1617இல், மனைவி ஒளித்துவைத்த மகளை ஆயுதத்தோடு போய்க் கதவை உடைத்துத் தூக்கிவந்தார். எதற்கு? அரசனுக்கு வேண்டிய பக்கிங்ஹாமின் அண்ணனுக்குக் கட்டிக்கொடுக்க!

1621 கடைசியில் அரசனை எதிர்த்து லண்டன் டவர் சிறையில் அடைபட்டதையும், 1628இல் 76 வயதில், அரசனின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய உரிமை மனுவுக்காக நாடாளுமன்றத்தில் நின்றதையும் நான் மறுக்கவில்லை. அந்தக் கிழவருக்கு என் கும்பிடு. ஆனால் வாழ்நாள் முழுவதுமா?

மூன்று வருடம் முன்பு, குக்கின் பரம எதிரியான பிரான்சிஸ் பேக்கன் பற்றிய கட்டுரையில் அவர் லஞ்சம் வாங்கியதை ஒப்புக்கொண்ட கதையையே காணோம். எழுதிக் கேட்டேன். கடிதத்தைப் பாதியாக வெட்டி, என் இனிஷியலையும் மாற்றிப் போட்டீர்கள். இந்தமுறை முழுக் கடிதம் வெளிவரும் என்ற நப்பாசை எனக்கில்லை. 'கோக்' என்பதை 'குக்' என்று படிக்கவும் என ஒரு வரி, எந்த மூலையிலாவது போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வழக்கறிஞர், நெடுநாள் சந்தாதாரர்