சயாமில் தாத்தா கேட்ட சத்தம்: மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமா,

தீபாவளிக்கு வந்திருந்தபோது நீங்கள் கேட்டீர்கள்: "எங்கப்பா தலைக்கு மேல வந்து குண்டு போட்டுச்சே ஆகாசக் கப்பல், அது யாரோடதுடா?" அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு மாதமாக அதைத்தான் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

சயாம் மரண ரயில், அதாவது இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட பாதை என்றாலே, 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட்ட கதையோடு நம் வீடுகளில் பேச்சு முடிந்துவிடுகிறது. 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. ஆனால் மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துப் போனவர்களில் நிறையப் பேரை ஜப்பான்காரன் திருப்பி அனுப்பவில்லை. பாதையைப் பராமரிக்க ஆள் வேண்டும்; குண்டு விழுந்து உடைந்ததைத் திரும்பக் கட்டவும் ஆள் வேண்டும். தாத்தா அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கிறார்.

அந்தப் பாதையை அடித்த கனரக விமானங்கள் லிபரேட்டர்கள். நான்கு எஞ்சின், இரட்டை வால், உள்ளே பத்துப் பேர் அளவில். பிரிட்டிஷ்காரர்களிடமும் அவை இருந்தன, அமெரிக்கர்களிடமும் இருந்தன. இரண்டு படைகளுமே இந்தியாவிலிருந்துதான் கிளம்பின. அமெரிக்கப் பிரிவின் பெயர் 7-வது குண்டுவீச்சுப் பிரிவு. அவர்கள் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர்களுக்கும் போர் ஓட்டத்தில்தான் தொடங்கியது, மாமா. 1941 டிசம்பர் 7 அன்று கலிஃபோர்னியாவிலிருந்து ஹவாய்க்குப் பறந்து வந்த அவர்களுடைய விமானங்கள் சில, ஜப்பான் தாக்கி பேர்ள் ஹார்பர் எரிந்துகொண்டிருந்த நேரத்தில் அங்கே போய் இறங்கின. அடுத்து ஜாவா. 1942 மார்ச்சில் ஜாவா ஜப்பானிடம் விழ, மிஞ்சியவர்கள் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார்கள். ஏப்ரல் தொடக்கத்திலேயே அந்தமானில் போர்ட் பிளேரில் நின்ற ஜப்பானியக் கப்பல்களைத் தாக்கினார்கள். அந்த ஆண்டு முடிவில் வங்காளத்தில் பாண்டவேஸ்வர் என்ற ஊருக்கு மாறினார்கள். பாண்டவர் பெயரைத் தாங்கிய அந்த ஊரிலிருந்து அமெரிக்கப் பையன்கள் பர்மாவுக்கும் சயாமுக்கும் பறந்தார்கள். 1944 நடுவில் சில மாதங்கள் குண்டுக்குப் பதிலாகப் பெட்ரோல் ஏற்றிக்கொண்டு, இமயமலைத் தொடரைத் தாண்டிச் சீனாவுக்குப் போனதும் உண்டு. அக்டோபரில் மீண்டும் பாண்டவேஸ்வர்.

தாத்தாவின் கதையோடு அவர்கள் கதை சேருவது இதற்குப் பிறகுதான். பாண்டவேஸ்வரிலிருந்து, மரண ரயில் பாதையில் இருக்கும் தாய்லாந்து ஊரான காஞ்சனபுரிக்குப் போய்வர 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். அவ்வளவு தூரம் போனாலும், உயரத்திலிருந்து பார்த்தால் ரயில் பாலம் ஒரு நூலிழை. குண்டு பத்து மீட்டர் தள்ளி ஆற்றில் விழுந்தால் தண்ணீர்தான் எழும், பாலம் அப்படியே நிற்கும். இதற்கு அவர்கள் கொண்டுவந்த கருவியின் பெயர் ஆஸான். சுமார் 450 கிலோ எடையுள்ள சாதாரணக் குண்டுதான். வாலில் மட்டும் ரேடியோ அலைக்குத் திரும்பும் துடுப்புகள், கண்ணுக்குத் தெரிய ஒரு தீச்சுடர். மேலே இருப்பவர் அந்தச் சுடரைப் பார்த்துக்கொண்டே குண்டை இடது வலதாகத் திருப்பலாம். முன்னே பின்னே நகர்த்த முடியாது. பாலமோ நீளவாக்கில் கிடப்பது. அதன் நீளத்தை ஒட்டிப் பறந்துவந்து போட்டால் இடம் வலம் சரியாக இருந்தாலே போதும். 1944 டிசம்பர் 27 அன்று, இந்தப் பிரிவின் 493-வது ஸ்குவாட்ரன் பர்மாவில் பியின்மனா ரயில் பாலத்தை அப்படித்தான் உடைத்தது.

1945 மார்ச் 19 அன்று தாய்லாந்தின் ரயில் பாதைகளையும் பாலங்களையும் தாக்கியதற்காக, பிரிவு முழுமைக்குமே அமெரிக்க அரசின் பாராட்டு விருது கிடைத்தது. விருதுக்குரிய துணிச்சல்தான் அது. வழியில் எரிபொருள் தீர்ந்தால் கீழே கடல், இல்லையென்றால் காடு. பர்மாவில் விழுந்து உயிர் பிழைத்த விமானிகள் பலர் ரங்கூன் சிறையில் பட்டினி கிடந்தார்கள்.

காஞ்சனபுரியில் நாம் போட்டோ எடுத்துக்கொண்டோமே, அந்த இரும்புப் பாலத்தை அமெரிக்கரும் பிரிட்டிஷ்காரரும் பலமுறை தாக்கினார்கள். அதன் இரும்புச் சட்டங்களை ஜப்பானியர் ஜாவாவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தார்களாம். இதைப் படித்ததும் சற்று நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். இந்த விமானப் பிரிவு தோற்று ஓடிவந்த அதே ஜாவா. நடுவில் இரண்டு சட்டங்கள் மட்டும் வளைவாக இல்லாமல் கோணமாக இருப்பதை நீங்கள்தான் எனக்குக் காட்டினீர்கள். குண்டுவீச்சில் போன இடத்தில் போருக்குப் பின் வைத்தவை அவை.

பாலத்தை ஒட்டியே கைதிகள் முகாம் இருந்தது. 1944 இறுதியில் குண்டுகள் அதிலும் விழுந்து கைதிகள் இறந்தார்கள். அந்தப் பாதையில் இறந்த வெள்ளைக்காரக் கைதிகள் 12,000-க்கு மேல். அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. ஆசியத் தொழிலாளர்கள் 90,000 பேர் இறந்திருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. அது தலை எண்ணிப் போட்ட கணக்கு இல்லை. தாத்தாவின் தம்பி அந்த மதிப்பீட்டுக்குள்தான் எங்கோ இருக்கிறார்.

விமானிகள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, மாமா. பர்மாவில் நின்ற ஜப்பான் படைக்கு அந்தப் பாதையில்தான் அரிசியும் தோட்டாவும் போயின. அதை உடைக்காமல் விட்டிருக்க முடியாது. ஆனால் அதைத் திரும்பத் திரும்பக் கட்டியவர் நம் தாத்தா. "விடிஞ்சா கட்டணும், மறுபடி உடைப்பான், மறுபடி கட்டணும்" என்று அவர் சொன்னதாக நீங்கள் சொல்வீர்களே, அதில் அவருக்கு நாளும் தெரியாது, மாதமும் தெரியாது. மேலே பறந்தவர்களோ எல்லாவற்றையும் எழுதிவைத்தார்கள்: எந்தத் தேதி, எந்தப் பாலம், எத்தனை விமானம், எத்தனை குண்டு. தாத்தாவின் நினைவுக்குத் தேதி போட வேண்டுமானால் அந்தக் காகிதங்களில்தான் தேட வேண்டும்.

அதற்கு எனக்கு உங்களிடமிருந்து ஒரே ஒரு விஷயம் வேண்டும். தாத்தா இருந்த முகாம் எது? தாமர்க்கான், கின்சாயோக், நீக்கே என்று ஏதாவது பெயர் அவர் வாயில் வந்ததுண்டா? ஆற்றங்கரையில் இருந்தது என்று மட்டும்தான் அம்மாவுக்கு ஞாபகம். பெரிய அத்தையிடமும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகன்