ஏழாக எண்ணிக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் இதழில் வந்த, இத்தாலிய ப்ரோக்ரெசிவ் ராக் (சிக்கலான தாளமும் அமைப்பும் கொண்ட ராக் இசை) பற்றிய கட்டுரையில் 'ஏரியா' என்ற இத்தாலிய இசைக் குழுவுக்கு ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம். மிலானின் சிறு இசைத்தட்டு நிறுவனமான கிராம்ப்ஸ் 1973இல் வெளியிட்ட அவர்களின் முதல் ஆல்பம் 'அர்பைட் மாக்ட் ஃப்ரை'. 'உழைப்பு விடுதலை தரும்' என்று பொருள்படும் இது, நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதை முகாம் வாயிலில் இருந்த வாசகம். புகழ்ச்சியல்ல, கசப்பான கிண்டல்.

முதல் பாடல் ஒரு பெண்ணின் அரபுப் பேச்சோடு தொடங்கும். பதிவு மாறிவிட்டதென்று தள்ளிவிட வேண்டாம். அடுத்து வரும் பால்கன் சாயல் மெட்டை நான்கு நான்காக எண்ணினால் தாளம் விலகிப்போகும், ஏழாக எண்ணுங்கள். கர்நாடக இசையின் ஏழெண்ணிக்கைத் தாளமான மிச்ர சாபு பழகிய காதுக்கு இது பெரிய சிரமமில்லை, உட்பிரிவு மட்டும் வேறாக விழலாம். பாடகர் டெமெட்ரியோ ஸ்ட்ராடோஸின் குரலைச் சொற்களுக்காக மட்டும் கேட்டால் பாதி நழுவிவிடும். அதுவும் ஒரு வாத்தியம்தான். பாடல் வரிகளை எழுதியவராக 'ஃபிராங்கன்ஸ்டைன்' என்று போட்டிருப்பது தயாரிப்பாளர் ஜான்னி சாஸ்ஸியின் புனைபெயர்.

பழைய இசைத்தட்டு வாங்குவோர் கவனிக்க: முதல் பதிப்புடன் அட்டைத்தாளில் வெட்டிய கைத்துப்பாக்கி உருவம் ஒன்று தனியாக வந்தது. அது இல்லாத பிரதிக்கு முழு விலை கொடுக்காதீர்கள். கேட்க மட்டுமென்றால் மறுபதிப்பே போதும்.

பேஸ் கிதார் கலைஞர் பாட்ரிக் ஜிவாஸ் இந்த ஆல்பத்துக்குப் பின் பி.எஃப்.எம். (பிரெமியாட்டா ஃபோர்னெரியா மார்கோனி) என்ற இன்னொரு இத்தாலிய ராக் குழுவுக்குப் போய்விட்டார்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி