தாரியஸ் சொன்னால் சரியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் பாரசீகக் கட்டுரையில், "போலி இளவரசன் கௌமாதனைக் கொன்று தாரியஸ் நாட்டை மீட்டார்" என்று ஒரு வரி. எவ்வளவு சுலபமாக முடித்துவிட்டீர்கள்! அவர் போலி என்று சொன்னது யார் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. கொன்றவரேதான்.

கி.மு. 522இல் பாரசீகப் பேரரசர் கம்பீசஸ் எகிப்திலிருந்து திரும்பும் வழியில் இறந்தார். அரியணையில் அவர் தம்பி பர்தியா என்று ஒருவர் இருந்தார். அந்தச் செப்டம்பரிலேயே தாரியஸும் ஆறு கூட்டாளிகளும் அவரைத் தீர்த்துக்கட்டினார்கள். அப்புறம் அரசரான தாரியஸ், ஈரானில் உள்ள பெஹிஸ்துன் பாறையில் மூன்று மொழிகளில் செதுக்கிவைத்த விளக்கம்: நிஜ பர்தியாவைக் கம்பீசஸ் எப்போதோ ரகசியமாகக் கொன்றுவிட்டாராம், ஜனங்களுக்குத் தெரியாதாம், இவர் கொன்றது கௌமாதன் என்ற மாகி பூசாரியையாம். சரி, தாரியஸ் முறைப்படி வந்த வாரிசு என்றால், அப்போது உயிரோடிருந்த அவருடைய அப்பாவையும் தாத்தாவையும் தாண்டி இவருக்கு எப்படிப் பட்டம் வந்தது? ஏலாம், பாபிலோன், மீடியா, அர்மீனியா என்று ஏன் கலகம் வெடித்தது? பாரசீகத்திலேயே வஹ்யஸ்தாதன் என்பவர் "நான்தான் பர்தியா" என்று கிளம்பினார். ஒரே வருடத்தில் 19 போர், 9 அரசர்களைப் பிடித்தேன் என்கிறது கல்வெட்டு. ஒவ்வொருவரும் பொய்யர், இவர் ஒருவர்தான் அரிச்சந்திரன்! இன்னும் நிறையச் செய்தேன், படிப்பவர் நம்பமாட்டார் என்றுதான் எழுதவில்லை என்றும் அதிலேயே சொல்கிறார்.

எங்கள் வீட்டிலும் ஒரு பெஹிஸ்துன் உண்டு. பாகப்பிரிவினையில் ஜெயித்த சித்தப்பா, கிணற்றடிக் கல்லில் தன் பெயரைச் செதுக்கிவைத்தார். கிணறு வெட்டியது தாத்தா. இன்று ஊருக்கு அது சித்தப்பா கிணறு.

பாரசீகக் கட்டுரைக்குப் போட்ட பெஹிஸ்துன் பாறைச் சிற்பப் படத்தைத்தான் முன்பு அலெக்சாண்டர் கட்டுரைக்கும் போட்டீர்கள். அவரிடம் தோற்றது மூன்றாம் தாரியஸ், பெஹிஸ்துன் தாரியஸ் செத்து 150 வருடம் கழித்து. எழுதினேன், பதில் இல்லை. போன தீபாவளிக்கு நான் அனுப்பிய நான்கு பக்கக் கடிதத்தில் "கட்டுரை அருமை" என்ற இரண்டு சொல்லை மட்டும் வெளியிட்டீர்கள். மூன்றாவது சொல் "ஆனால்".

இந்த முறை படக்குறிப்பு, "தாரியஸுக்குக் கப்பம் கட்டும் மன்னர்கள்". கழுத்தில் கயிறு, கைகள் பின்கட்டு. ஒருவர் மல்லாந்து கிடக்கிறார், அவர் மார்பில் தாரியஸின் கால். எந்தக் கையால் ஐயா கப்பம் கட்டுவார்கள்?

அந்தப் படக்குறிப்பையாவது அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள்.

தங்கள்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்
(சந்தாதாரர், 22 வருடமாக)