துப்பாக்கி விற்பவர்களுக்கும் வீட்டுப் பாதுகாப்புப் பயிற்சி தருபவர்களுக்கும்

வணக்கம். ஒரே தோட்டாவிலிருந்து பல குண்டுகள் பாயும் துப்பாக்கியான ஷாட்கன்னை விற்கும்போது, "ஷாட்கன்னுக்குக் குறியே பார்க்க வேண்டாம், பம்ப்பை இழுக்கிற சத்தத்திலேயே திருடன் ஓடிவிடுவான்" என்று வாங்க வருகிறவர்களிடம் சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஓர் இரவு, அத்தான் வீட்டில் இல்லாத நேரம், பின்கதவுப் பக்கம் ஏதோ சத்தம் கேட்டு அக்கா எழுந்திருக்கிறாள். கடையில் கற்றுக்கொடுத்தபடியே துப்பாக்கியை எடுத்து பம்ப்பை, அதாவது தோட்டாவை ஏற்றும் முன்கைப்பிடியை, இழுத்தாள். கை நடுங்கியதில் அது பாதிதான் பின்னால் வந்தது, அதனால் தோட்டா, அதை வைத்திருக்கும் குழாயிலிருந்து துப்பாக்கியின் சுடும் அறைக்கு ஏறவில்லை. அது அவளுக்குத் தெரியாது. இருட்டில் ஓர் உருவம் உள்ளே வந்ததும் விசையை அழுத்திவிட்டாள். 'டிக்' என்று மட்டும் கேட்டது. வந்தவன் அவளுடைய மூத்த மகன், சொல்லாமல் கல்லூரியிலிருந்து வந்திருக்கிறான். அவனுக்குப் பின்னால் இருந்த சுவருக்கு அந்தப் பக்கம் சின்னவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா இன்றுவரை அந்த அறைக்குள் விளக்கு போடாமல் நுழைவதில்லை.

உங்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. 12 கேஜ் குழல் அளவுக்கான, டபுள் ஆட் எனப்படும் பெரிய குண்டுகள் கொண்ட பக்‌ஷாட் தோட்டா ஒன்றில் வழக்கமாக 9 ஈயக் குண்டுகள், ஒவ்வொன்றும் 8 மில்லிமீட்டருக்கு மேல். ஓர் அறையின் தூரத்தில் அவை உள்ளங்கை அளவுக்குக்கூட விரியாமல் போகலாம், ஆனால் அமெரிக்க வீடுகளின் டிரைவால் என்ற மெல்லிய ஜிப்சம் பலகைச் சுவர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் துளைத்துக்கொண்டு போய்விடும். அப்படியிருக்க, குறி பார்க்க வேண்டாம் என்று எந்த மனதோடு சொல்கிறீர்கள்?

கேட்டால் உடனே முதல் உலகப் போர்க் கதைக்குப் போய்விடுகிறீர்கள். வின்செஸ்டர் 1897 என்ற பம்ப் ஷாட்கன் எதிரிகளின் பதுங்குகுழிகளைத் துடைத்தது, 1918 செப்டம்பரில் ஜெர்மனி இதை எதிர்த்து அதிகாரபூர்வமாகக் கண்டனமே அனுப்பியது, அமெரிக்கா அதை ஏற்கவில்லை. எல்லாம் உண்மைதான். விசையை அழுத்திப் பிடித்தபடி பம்ப்பை இழுக்க இழுக்க அது சுட்டுக்கொண்டே இருந்ததும் உண்மை. ஆனால் அதைப் பிடித்திருந்தவன் பயிற்சி பெற்ற சிப்பாய், குழியின் அடுத்த வளைவில் அவன் பிள்ளைகள் யாரும் தூங்கவில்லை. அவனுக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை, காகித உறைத் தோட்டாக்கள் சேற்று ஈரத்தில் ஊதிப்போய் உள்ளே ஏறாமல் நின்றன, அதற்காகவே பித்தளை உறைத் தோட்டா கொண்டுவர வேண்டியிருந்தது. இந்தப் பாதிக் கதையை மட்டும் கடையில் யாரும் சொல்வதில்லை. படைவீரன் கையில் இருந்த பெருமையை, ஒரு தோட்டாகூடச் சுட்டுப் பார்க்காத ஒரு பெண்ணிடம் விற்கிறீர்கள், எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

சரி, துப்பாக்கியே விற்காதீர்கள் என்று நான் கேட்கவில்லை, பயந்து வாழ்கிறவர்களின் பயத்தையும் குறை சொல்லவில்லை. சத்தம் போதும், குறி வேண்டாம் என்ற அந்த இரண்டு வாக்கியங்களை மட்டும் விட்டுவிடுங்கள். முதலில் விளக்கைப் போட்டு எதிரே நிற்பது யார் என்று பார்க்கச் சொல்லுங்கள். பம்ப்பைக் கடைசிவரை இழுத்துக் கடைசிவரை தள்ளும் பழக்கம் கைக்கு வரும்வரை மருந்து இல்லாத, வெடிக்காத பயிற்சித் தோட்டாக்களை வைத்துப் பழக்குங்கள். அப்புறம், வாங்குகிறவரின் வீட்டுக் கூடம் எத்தனை அடி நீளம் என்று கேட்டு, அதே தூரத்தில் ஒரு காகிதத்தை மாட்டிச் சுடவைத்து, அதில் விழுந்த ஓட்டையைப் பக்கத்தில் போய்ப் பார்க்கச் செய்யுங்கள். இதற்கு அரை நாள் போதும், அந்த அரை நாளை அவர்களுக்காக ஒதுக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அந்தப் பையனின் சித்தி